மேற்கிலிருந்து தெரிந்த முகம்

செங்கடல் ஒரு நத்தை. வரைபடத்தில் அந்தக் கடலை எல்லாரும் பார்த்திருப்பார்கள். நத்தையாகப் பார்த்தவர்கள் குறைவு. அரபு நாட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் அந்த நீலத்தின் வடக்கு முனையில் இரண்டு கொம்புகள் பிரிந்து நிற்கும். அது தலை. தெற்கே ஒடுங்கிப் போவது வால். முதுகில் ஓடு மட்டும் இல்லை. ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு அது கடலாகத் தெரியாது. இன்றைக்கும் கைப்பேசியில் வழி தேடும்போது விரல் தவறி வரைபடம் அந்தப் பக்கம் நகர்ந்தால் நத்தைதான் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. பெரியவனான பிறகு அதன் முதுகில் இரண்டு வருடம் சமையல் வேலை பார்த்தேன். அங்கே கரையில் நின்று பார்த்தால் வெறும் தண்ணீர்தான்.

அதை எனக்குக் காட்டியவர் மாமா, உம்மாவின் தம்பி. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற நிலக்கரியை ஏற்றிப்போகும் லாரி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்து, அப்போதுதான் ஓட்டுநர் ஆகியிருந்தார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் இமை ஓரத்தில் கரித்தூள் நிற்கும். கண்ணுக்குச் சுர்மா மை தீட்டியவர்போல இருப்பார். சரக்கு ஏற்ற லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் கிடக்கும். அப்போது முன்னால் நிற்கிற வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு வேலை. அதில் வரைந்திருக்கிற சின்னங்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றுக்குள் இருக்கிற வேறொன்றைக் கண்டுபிடித்துவிடுவார். சிமெண்டு மூட்டையில் அச்சடித்த யானையின் கால்களுக்கு நடுவே ஒரு கூஜா இருந்தது. ஏதோ ஒரு பேருந்தின் பக்கவாட்டில் பறந்த குதிரை, பின்னங்காலைக் கையால் மறைத்தால் வாத்தாகிவிடும். வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இப்படி ஒன்று கொண்டுவருவார். மிட்டாய் கொண்டுவந்த ஞாபகம் இல்லை.

“கறுப்பப் பாக்காத மாப்புள, வெள்ளையப் பாரு. சும்மா விட்ட எடத்துலதான் ஆளு ஒளிஞ்சிருப்பான்” என்பார்.

பள்ளிக்கூடத்துத் தமிழ்நாட்டுப் படத்தில் எங்கள் காரைக்கால் இருக்கும் இடத்தை நிறம் பூசாமல் விட்டிருந்தார்கள். நாங்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குப் புரியாது. கடலோரத்தில் எலி கடித்த பூரி மாதிரி அந்த இடம் இருக்கும். மாமா அதைப் பார்த்து, “பாத்தியா, நம்ம ஊரச் சும்மா விட்டுட்டாங்க. நாமதான் அதுல ஒளிஞ்சிருக்கோம்” என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுச் சுவரில், வெளிநாட்டுக்கு டிக்கெட் எடுத்துத் தருகிற கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கியது. அதில்தான் அரபு நாட்டின் வரைபடம் இருந்தது. மாமா தீக்குச்சியால் கொம்பு, தலை, வால் என்று காட்டிவிட்டு, நத்தையின் முதுகில் ஓர் இடத்தைத் தொட்டார்.

“இங்கதான் ஒங்க வாப்பா இருக்காரு. யான்பு.”

“அப்ப மெதுவாத்தான் வருவாங்களா?” என்று கேட்டேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அடுப்பங்கரையில் இருந்த உம்மா சிரிக்கவில்லை.

வாப்பா போய் அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது. அவர் முகம் எனக்கு நினைவில்லை என்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வீட்டில் அவர் படமும் கிடையாது. உருவப்படம் இருக்கிற வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானதூதர்கள், வரமாட்டார்கள் என்று கல்யாணத்தில் எடுத்த படங்களைக்கூட அவர் வீட்டில் வைக்க விடவில்லையாம். பெட்டியில் அவருடைய பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று மட்டும் இருந்தது. நகலெடுத்த மையில் கன்னமெல்லாம் கறுத்து, மீசை மட்டும் தெரிகிற ஓர் இளைஞன் அதில் இருந்தான்.

அந்த வருடம், வாப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் விடுமுறையில் வந்தார். திருமலைராயன்பட்டினத்துக்காரர். வாப்பா கொடுத்தனுப்பியதாக ஒரு முசல்லாவைத் தந்தார். முசல்லா என்பது ஒருவர் நின்று தொழுகிற அளவுக்கு இருக்கும் விரிப்பு. சிவப்பு வெல்வெட்டு, அதில் ஒரு வளைவு, வளைவின் உச்சியிலிருந்து தொங்கும் விளக்கு, விளக்கின் இரண்டு பக்கமும் வட்டமாகப் பூ. வளைவு முழுக்கக் கறுப்பு நூல், அதன் ஓரத்தில் மட்டும் வெள்ளை நூல் ஓடியது. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

“ஒடம்பெல்லாம் நல்லா இருக்காங்களா?”

“மச்சானுக்கு என்னா தங்கச்சி, ஜோரா இருக்காரு. தாடி வச்சிட்டாரு. இப்பப் பாத்தீங்கன்னா ஒங்களுக்கே அடையாளம் தெரியாது.”

“தாடியா? பெருசாவா?”

அவர் நான்கு விரல்களைச் சேர்த்துத் தன் மோவாய்க்குக் கீழே படுக்கையாக வைத்துக் காட்டினார். “நாலு வெரக்கட இருக்கும்.”

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. பிறகு, “நரச்சிருச்சா?” என்று கேட்டாள்.

“ஓரத்துல லேசா.”

அன்று முழுவதும் உம்மா அந்த விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதில்தான் ஐந்து வேளையும் தொழுதாள். அதற்குப் பிறகு வாப்பாவிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. பிறகு வரவில்லை. நாங்கள் அழைத்தால் ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்வாள். மாதங்கள் போயின. உம்மா காலையில் இடியாப்பம் அவித்துத் தெருக்காரர்களுக்கு விற்க ஆரம்பித்தாள். தொழுது முடித்துக் கையேந்தி உட்காருகிற நேரம் நாளுக்கு நாள் நீண்டது. பசிக்குது என்று சொன்னால் கையைக் கீழே இறக்காமலே தலையை மட்டும் அசைப்பாள்.

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து பள்ளிக்கூடம் போகாமல் கிடந்த வாரத்தில் அது நடந்தது. கட்டில் மேற்குச் சுவரோரம் கிடந்தது. நாங்கள் மேற்கே பார்த்துத்தான் தொழுவோம் என்பதால், உம்மா என் கட்டிலைப் பார்த்து நின்றே தொழுவாள். நான் ஒரு மத்தியானம் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கவிட்டு, அவள் தொழுதுவிட்டு எழுந்துபோன முசல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா பக்கமிருந்து நேராகத் தெரிவதெல்லாம் என் பக்கமிருந்து தலைகீழ். விளக்கு மூக்காயிற்று. இரண்டு பூவும் கண்கள். கூராக முடிந்த வளைவு என் பக்கம் திரும்பிக் கறுகறுவென்று தாடியாக இறங்கியது, ஓரத்தில் வெள்ளை. ஓர் ஆள் தரையில் மல்லாந்து படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இல்லை. நான் தனியாகக் கண்டுபிடித்த முதல் ஆள் அவர். மாமா வந்ததும் காட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். மாமா சரக்கேற்றிக்கொண்டு எங்கோ போயிருந்தார்.

அதற்குள் யாசீன் ஓதுகிற நாள் வந்துவிட்டது. வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் தெருப் பெண்கள் கூடி குர்ஆனில் யாசீன் என்ற அத்தியாயத்தை நாற்பத்தொரு முறை ஓதி, துஆ என்கிற பிரார்த்தனை கேட்பார்கள். வாப்பாவிடமிருந்து தகவல் வரவேண்டும் என்று உம்மா அதற்கு ஏற்பாடு செய்திருந்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மாதான் முன்னால் இருந்து ஓதுகிறவர். மரியாதைக்காக உம்மா அந்தச் சிவப்பு முசல்லாவை அவருக்கு விரித்தாள். பெரியம்மா கனத்த உடம்புக்காரர். உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கண்ணாடியைப் போட்டார். எனக்கு அடக்க முடியவில்லை.

“பெரியம்மா, நீங்க ஒரு ஆளு மூஞ்சி மேல ஒக்காந்திருக்கீங்க.”

சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். “எந்த ஆளுடா? ஒங்க மாமனா?”

“இந்தா, இந்தப் பக்கம் வந்து பாருங்க. கண்ணு, மூக்கு, தாடி.”

அவர் எழுந்து மேற்குப் பக்கம் வந்து நின்று குனிந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்து வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் இடுப்பில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு வந்து பார்த்து, “அட ஆமா, மூக்கு எம்புட்டு எடுப்பா இருக்கு” என்றாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். காட்டியபின் தெரியவில்லை என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

பெரியம்மா உம்மாவைப் பார்த்தார். “ஏம்புள்ள, இதுலயா இத்தன நாளு தொழுத? உருவம் இருந்தா மலக்குங்க எப்புடி வருவாங்க? நீ கேக்குற துஆ எப்புடி மேல போவும்?”

உம்மா தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி ஆளாக மேற்குப் பக்கம் வந்தாள். மற்றவர்களைவிட அதிக நேரம் பார்த்தாள்.

“பூவுதான் லாத்தா” என்றாள். லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. முசல்லாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெண்கள் கோரைப் பாயில் உட்கார்ந்து நாற்பத்தொரு முறையும் ஓதி முடித்து, நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சி கொண்டுவருகிறவர் அவர்தான். அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். ஆனால் எட்டு வயதில் எனக்கு அது வேறு மாதிரி புரிந்தது. உம்மா இத்தனை மாதமாகக் கேட்ட துஆக்கள் எல்லாம் மேலே போகாமல் எங்கள் வீட்டு ஓட்டுக்கு அடியிலேயே ஒட்டடைபோல் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். படுத்துக்கொண்டு ஓட்டையே பார்ப்பேன். அந்த ஆள்தான் வழியை மறித்திருக்கிறார். அவரை நான் கண்டுபிடித்துவிட்டதால் இனி துஆ மேலே போய் வாப்பா சீக்கிரம் வந்துவிடுவார் என்று ஒரு பக்கம் சந்தோஷம். உம்மா பாயில் தொழுதுவிட்டு உடனே எழுந்துபோவதைப் பார்க்கும்போது மட்டும் அந்தச் சந்தோஷம் போய்விடும். இப்போதெல்லாம் அவள் நீண்ட நேரம் கையேந்துவதில்லை.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். நான் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். முசல்லாவை விரித்துப் பார்த்துவிட்டு, “பலே மாப்புள” என்று என் முதுகில் தட்டினார். நிமிர்ந்து உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“நான்தான் இவனக் கெடுத்துட்டேன். விடுக்கா, நான் சரி பண்ணித்தர்றேன்.”

தையல்கடையிலிருந்து அதே சிவப்பில் வெல்வெட்டுத் துண்டு வாங்கிவந்தார். கண்களை மறைத்துவிட்டால் முகம் போய்விடும் என்பது அவர் கணக்கு. லாரித் தார்ப்பாய் தைக்கிற ஊசியால் இடது கண்மேல் துணியை வைத்துத் தைத்தார். தைத்து முடித்து மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தோம். அந்த ஆள் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சிரித்துவிட்டேன். மாமா என்னை முறைத்துவிட்டு, “இரு, இன்னொண்ணையும் மூடுவோம்” என்று வலது கண்ணில் ஊசியை இறக்கினார்.

“வேணாம்!” என்று உம்மா அலறினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “கண்ணுல போயி ஊசியக் குத்துறியே!”

மாமா ஊசியை உருவிக்கொண்டார். “பூவுதானேக்கா?”

உம்மா பிளேடை எடுத்துவந்து, தைத்திருந்த துண்டையும் நூல் நூலாகப் பிரித்து எடுத்தாள். வெல்வெட்டில் விழுந்த ஓட்டைகளை விரலால் நீவிவிட்டாள்.

அடுத்ததாக மாமா முசல்லாவையும் என்னையும் ஹஜ்ரத்திடம் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிவாசலில் தொழவைக்கிறவர், வயதானவர், எனக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“பூ. வெளக்கு. வளைவு. வேற ஒண்ணும் இல்லியே.”

“அப்புடிப் பாக்கக் கூடாது ஹஜ்ரத்” என்று நான் முசல்லாவைத் திருப்பிக் காட்டினேன். “இது கண்ணு. இது மூக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு மாமாவிடம் சொன்னார். “வேணும்னு போட்ட உருவம் இல்ல இது. நெய்யிறவன் பூவுன்னுதான் நெய்ஞ்சிருக்கான். தாராளமாத் தொழலாம். மனசு சஞ்சலப்பட்டா ஓரமா வச்சிட்டு வேற விரிச்சிக்கச் சொல்லுங்க. புள்ளய ஏசாதீங்க.” முகம் உள்பக்கம் போகிறமாதிரி இரண்டாக மடித்துத் தந்தார். நாங்கள் படியிறங்கும்போது என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இங்க பள்ளிவாசல்ல விரிச்சிருக்கறதுலயும் இதே பூதான் இருக்கு. நாளையிலேர்ந்து எனக்கு என்னா தெரியப்போவுதோ.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதன்பிறகு சில நாள் பள்ளிவாசலின் முன்வரிசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது.

ஹஜ்ரத் சொன்னதை மாமா அப்படியே சொன்னார். உம்மா தலையாட்டினாள். ஆனால் முசல்லாவை எடுத்து விரிக்கவில்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா திருமலைராயன்பட்டினத்துக்காரரைப் போனில் பிடித்திருக்கிறார். அவர் மறுபடியும் யான்பு போய்ச் சேர்ந்திருந்தார். வாப்பா கம்பெனியை விட்டு எப்போதோ வெளியே போய்விட்டார், பாஸ்போர்ட்டு கம்பெனியிலேயே கிடக்கிறது, எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. உம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். வாப்பா பிறகு வரவில்லை. இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. வந்திருந்தால் உம்மா முறைப்படி நாலு மாதம் பத்து நாள் இத்தா என்ற துக்கம் இருந்து எழுந்திருப்பாள். வீடு தேடி வந்து நாலு பேர் அழுதிருப்பார்கள். அதுவும் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்று, லாரி, திருப்பூர், ஓட்டல், கப்பல் சமையல்கட்டு என்று எங்கெங்கோ போனேன். யான்புவில் சமையல் வேலை பார்த்த இரண்டு வருடமும் தாடி வைத்த தமிழர் யாரைப் பார்த்தாலும் கொஞ்சம் நின்று பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உம்மா இறந்தபோது நான் ஊரில் இல்லை.

நான் சொல்ல வந்தது மாமா பேசிய அந்தப் போனுக்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் பாதி நாள் விட்டுவிட்டார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அறையில் சிவப்பு முசல்லா விரித்திருந்தது. உம்மா அதன் மேல் இல்லை. கட்டிலைத் தள்ளிவிட்டு, மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, முசல்லாவைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் தொழுகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் முசல்லாவின் முன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காலைக்கூட அந்தப் பக்கம் நீட்ட விடமாட்டாள்.

முகம் போய்விட்டதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. எல்லாம் என்னால் வந்தது. திரும்ப அதில் தொழ ஆரம்பித்துவிடட்டும் என்று எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன்.

“உம்மா, அதுல ஒண்ணும் இல்லம்மா. நான் சும்மா பொய் சொன்னேன்.”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. “இருக்குடா” என்றாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

பிறகு முன்னால் குனிந்து, வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து, அந்த ஆளின் தாடி கூராக முடிகிற இடத்தில் படுக்கையாக வைத்தாள். எடுத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் வெள்ளை நூலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த இடத்தை மறைத்துத் தைக்க எவ்வளவு துணி வேண்டும் என்று அளக்கிறாள் போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. வெல்வெட்டுத் துண்டில் மீதி இருக்கிறதா என்று கேட்பதற்காக மாமாவைத் தேடி வெளியே ஓடினேன்.